எந்த மருந்தைக் கேக்கீக?

எங்கள் தொண்டு நிறுவனத்தின் வரலாற்றை ஒரு மலராகப் போடுகிறோம், நீங்கள்தான் இங்கே ரொம்ப நாளாக இருக்கிறவர், இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று மேடம் கேட்டார். ராவும் பகலுமாக யோசித்து எழுதிக் கொடுத்தேன். மலர் அச்சாகி வந்தபோது என்னுடையது என்று அதில் மிஞ்சியது என் புகைப்படம் மட்டும்தான். அதிலும் ஒரு காதை வெட்டியிருந்தார்கள். பயணம், மைல்கல், கலங்கரை விளக்கம் என்று நான் வாழ்நாளில் எழுதாத சொற்களெல்லாம் என் படத்துக்குக் கீழே இருந்தன. கலங்கரை விளக்கத்தை நான் பார்த்ததுகூட இல்லை. நான் எழுதியிருந்தது ஒரு பெண்ணைப் பற்றி, அவள் விழுங்காமல் விட்ட மாத்திரைகளைப் பற்றி. அதில் ஒரு வரியையும் காணோம். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நிறுவனத்தைத் தொடங்கியவர் சிவகாசியில் காலண்டர் அச்சகம் வைத்திருந்த குடும்பத்துப் பெரியவர். ஐயா என்போம். அச்சகம் புதுக் கட்டடத்துக்குப் போனதும் பழைய கட்டடத்தின் மாடி காலியாகக் கிடந்தது. அதை என்ன செய்யலாம் என்று யோசித்ததில் பிறந்ததுதான் எங்கள் சுகாதாரக் கல்வி. மலரில் இதை, ‘ஓர் ஏழைத் தாயின் கண்ணீர் கண்டு உள்ளம் உருகி’ என்று போட்டிருக்கிறார்கள். அந்தத் தாய் யார் என்று நானும் பலரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

நான் அப்போது தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். பத்தாவது வரை படித்திருந்தேன், கையெழுத்து நன்றாக இருக்கும். அதற்காக வேலைக்கு எடுத்தார்கள். பதவியின் பெயர் சுகாதாரக் கல்விப் பணியாளர். செய்த வேலை, சார்ட் பிடிப்பது. பேச வருகிறவர் பேசுவார், நான் பக்கத்தில் நின்று படத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சார்ட்டைத் தூக்கினால் முகம் மறைந்துவிடும். அந்த ஒரு வசதிக்காகவே அந்த வேலையில் இருந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

முதல் சார்ட் சத்தான உணவு. வடக்கே எங்கிருந்தோ வாங்கி வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அம்மாவின் தலையில் முக்காடு. தட்டுகளில் ஆப்பிள், திராட்சை, பாதாம். பேச வந்தவர் குச்சியால் ஆப்பிளைத் தொட்டுத் தொட்டுப் பேசினார். கம்பெனி விட்டுக் களைத்து வந்து தரையில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி எழுந்து நின்று கேட்டாள்.

“ஏத்தா, அந்த வீட்டுல வேலைக்கு ஆள் எடுக்காகளா?”

சார்ட்டுக்குப் பின்னால் நான் சிரித்தேன். ஐயா அன்றைய குறிப்பில் பெண்கள் ஆர்வமுடன் கேள்வி கேட்டனர் என்று எழுதச் சொன்னார். அழகான கையெழுத்தில் எழுதினேன்.

அடுத்தது கை கழுவுதல். இருபது எண்ணும்வரை சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று சொல்லித்தர ஒருவர் வந்தார். அவர் முன்னால் கை நீட்டியவர்கள் அலுமினியப் பவுடரில் வேலை செய்கிறவர்கள். அது கைரேகைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தேங்காய் எண்ணெய், சீயக்காய், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுப் பார்த்து ஓய்ந்தவர்கள் அவர்கள். ஒருத்தி வேண்டுமென்றே இருநூறு வரை எண்ணித் தேய்த்தாள். கை வெள்ளிக் கிண்ணம் மாதிரி அப்படியே மின்னியது. “சார், இன்னும் எண்ணட்டுமா?” என்றாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

சில வருடங்கள் கழித்து ஐயாவின் மருமகள் பொறுப்புக்கு வந்தார். சென்னையில் சமூக சேவைப் படிப்புப் படித்தவர். அவரைத்தான் மேடம் என்கிறேன். அவர் வந்ததும் சொற்கள் மாறின. பெண்கள் என்று சொல்லி வந்தவர்கள் பயனாளிகள் ஆனார்கள். கூட்டம் அமர்வு ஆனது. நான் களப் பணியாளர் ஆனேன். சார்ட் மட்டும் அதே சார்ட். ஆப்பிள் வெளுத்து உருளைக்கிழங்கு நிறத்துக்கு வந்திருந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ச் சொல் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே மருந்து என்றால் பட்டாசுக்குள் வைக்கிற மருந்து. ஆஸ்பத்திரியில் தருவதை மாத்திரை என்போம், டானிக் என்போம், ஊசி என்போம். மருந்து என்று சொன்னால் அது வெடிக்கும். மருந்து கலக்கிறவன், மருந்து செலுத்துகிறவள், மருந்து எடுக்கிறவள் என்றுதான் ஆட்களைச் சொல்வோம். இதைத் தெரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம், ஒரு நாள் கம்பெனி வேன் நிற்கிற தெருமுக்கில் நின்றால் போதும். எங்கள் நிறுவனம் அங்கே நின்றதில்லை. மேடம் வந்த புதிதில், ‘மருந்தைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்’ என்று ஒரு சுவரொட்டி அடித்து விஸ்வநத்தம் பக்கமெல்லாம் ஒட்டினார்கள். “அதான் ஊருக்கு வெளியே காட்டுக்குள்ள வச்சிருக்காகல்ல, இன்னும் எங்கன கொண்டுபோய் வைக்க?” என்று பெண்கள் கேட்டார்கள். மேடத்திடம் அதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த ஒரு மாதம் சர்வே எடுத்தார்கள். காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும். விட்டுவிட்டவர்கள் பெயர் ஒரு பட்டியலில் வரும், அவர்கள் வீட்டுக்கு மட்டும் ஆள் தினமும் போய் மாத்திரை கொடுக்கும். கேட்க வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கேள்வி செல்போனில் வரும், பதிலை விரலால் தொட்டு அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டால் மாற்ற முடியாது. வழி காட்ட நான்.

என் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒருத்தி. என்னைவிடப் பத்து வயது இளையவள். என்னை மதினி என்பாள். புருஷன் இல்லை, ஒரு மகள், நாலாவது படிக்கிறாள். கம்பெனியில் இவளுக்கு மருந்து எடுக்கிற வேலை. கலக்குகிற ரூமிலிருந்து கலந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துகிற ரூமுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். டி.பி. என்று தெரிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நாங்கள் போனபோது அப்போதுதான் வேனிலிருந்து இறங்கி வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

கல்லூரிப் பெண் செல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அக்கா, மருந்து எடுத்துக்கிறீங்களா?”

“எடுக்கேன்.”

“டெய்லியா?”

“தெனமும்தான். ஞாயித்துக்கெழம கெடையாது.”

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை?”

“காலையில நாலஞ்சு நடை. வெயில் ஏறிட்டா எடுக்க விடமாட்டாக.”

கல்லூரிப் பெண் ஒரு நிமிடம் யோசித்தாள். செல்லில் ஒரு தடவை, இரண்டு தடவை, அதற்கு மேல் என்று மூன்றுதான் இருந்தன. அதற்கு மேல் என்பதைத் தொட்டாள்.

“எடுத்தா உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?”

“உள்ளங்கை எரியும். முகத்துல பட்டா அரிக்கும்.”

தோல் அரிப்பு என்பதைத் தொட்டாள். சொல்லி முடித்தவள் முந்தானையை வாயில் வைத்து இருமினாள். இருமல் அடங்க நேரம் ஆனது. கல்லூரிப் பெண் சிக்னல் தேடித் தெருவுக்குப் போனாள்.

எனக்கு முதல் பதிலிலேயே விளங்கிவிட்டது. அந்த மாத்திரை சாப்பிட்டால் மூத்திரம் சிவப்பாகப் போகும். கிட்டப் போய் மெல்லக் கேட்டேன்.

“செவப்பாப் போகுதா?”

“அது நின்னு மூணு வாரமாச்சு மதினி. காச்சல் விட்டுருச்சு. அதான் மாத்திரையையும் விட்டுட்டேன். வெறும் வயித்துல முழுங்கிட்டு வேன்ல ஏறுனா வயித்தப் பெரட்டுது. வழியில எறங்கி வாந்தி எடுத்தா போர்மேன் கேப்பான். டி.பி.ன்னு தெரிஞ்சா அந்த ரூம்ல என்னைய வச்சிருப்பாகளா?”

நான் திரும்பினேன். கல்லூரிப் பெண் தெருவிலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். பதில் போய்விட்டது.

பாதியில் விட்டவர்களுக்கு அந்த நோய் திரும்பி வந்தால் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரின் தம்பி அப்படித்தான் போனார். கடைசியில் அவருக்குத் தண்ணீர் கொடுத்தது நான். இவளுடைய மகள் இவளை ஒட்டிப் படுத்துத்தான் தூங்குவாள்.

மறுநாள் மேடத்தின் அறை வாசலில் அரைமணி நேரம் நின்று, அவர் நிமிர்ந்து பார்த்த பிறகு சொன்னேன்.

“மேடம், அந்தம்மா சொன்னது வேற மருந்து.”

“வேறன்னா?”

“பட்டாசு மருந்து. மாத்திரையை விட்டுட்டாங்க.”

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். “ரொம்ப இன்ட்ரஸ்டிங்கா இருக்கே! இதை நம்ம ரிப்போர்ட்ல ஒரு குட்டிக் கதையா போடலாம்.”

“வீட்டுக்குப் போற லிஸ்ட்ல அவங்க பேரைச் சேக்கணும் மேடம்.”

“லிஸ்ட் தானா வர்றதும்மா. ஒழுங்கா எடுக்குறவங்க பேர் அதுல வராது. நாமளா கை வச்சா டேட்டா கெட்டுடும். அடுத்த சர்வேல சரியாயிடும்.”

அடுத்த சர்வே வரை அவள் இருப்பாளா என்று கேட்க வாய் வரை வந்தது. “சரி மேடம்” என்று சொன்னேன். மேடத்தின் மேல் எனக்கு இருக்கிற வெறுப்புக்கும் நான் சொன்ன அந்தச் ‘சரி மேடம்’ மேல் இருக்கிற வெறுப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவளுக்குச் சளிப் பரிசோதனைக்கான டப்பாவை வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த நர்ஸ் என் தோளில் தொங்கிய நிறுவனப் பையைப் பார்த்தார்.

“சார்ட்டோட வந்திருக்கீகளா, ஆளோட வந்திருக்கீகளா?”

“ஆளோட” என்றேன்.

“அதிசயந்தான். ஏம்மா, பாதியில விட்டுட்டியாக்கும்? இனி மொதல்ல இருந்து திங்கணும். காச்சல் விட்டா நோவு விட்டுச்சுன்னு ஒனக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. அவுக சார்ட்டுலயும் போடலயே” என்றாள் இவள், என்னைக் காட்டி.

நோய் இருந்தது. டாக்டர் பார்த்து மறுபடி முதலிலிருந்து மாத்திரை எழுதினார். நர்ஸ் அட்டைகளை என் கையில் கொடுத்தார், அவள் கையில் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு வேன் நிற்கிற முக்கில் நான் நின்றேன். ஒரு கையில் மாத்திரை, இன்னொரு கையில் இரண்டு இட்லி வைத்த டப்பா. வெறும் வயிற்றில்தானே புரட்டுகிறது, விழுங்கிக் கொஞ்ச நேரத்தில் இட்லியைத் தின்றுகொள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். இது என் நிறுவன வேலையில் சேராது. எந்தக் குறிப்பிலும் எழுதவில்லை.

வேனுக்குக் காத்திருக்கிற பெண்கள் இரண்டாம் நாளே பெயர் வைத்துவிட்டார்கள்.

“ஏத்தா, மாத்திரை போர்மேன் வந்துட்டாக, ஓடியா!”

“வாயத் தெறந்து காட்டு, இல்லன்னா இன்னைக்குச் சம்பளம் கட்!”

எனக்கு முகம் எரியும். தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். எல்லாரிடமும் அது சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தோம். நம்பினார்களா, தெரிந்தே நம்புவது போல் இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. போர்மேன் காதுக்கு மட்டும் கடைசிவரை போகவில்லை.

ஒரு நாள் அவள் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, இருபது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ.

“துப்புறதுன்னா ஒம் மக மூஞ்சியில போய்த் துப்புடி! அவதான ஒங்கூடப் படுக்கா!”

 அவள் என்னைப் பார்த்துக்கொண்டே முழுங்கினாள். பிறகு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டு வேனில் ஏறினாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் மூன்று நாளும் வாயைத் திறந்து காட்டினாள். நாலாம் நாள், “இட்லிக்குச் சட்னி கெடையாதா?” என்றாள்.

தீபாவளி போனது. கம்பெனியை அடைத்தார்கள், பூஜை போட்டுத் திறந்தார்கள். கம்பெனி அடைத்திருந்த நாட்களில் வீட்டுக்கே போய்க் கொடுத்தேன். ஆறு மாதம் முடிந்து சளி எடுத்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லை என்று நர்ஸ் சொன்னார். அவள் என் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். 

இது எப்படியோ மேடத்துக்குத் தெரிந்தது. ஆண்டு விழாவில் நம் பயனாளியை மேடை ஏற்ற வேண்டும் என்றார். நோய்தான் போய்விட்டதே, இனி போர்மேனுக்குத் தெரிந்தால் என்ன என்று அவளும் சம்மதித்தாள். விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபம். நாற்காலியை நிரப்ப இரண்டு வேன் நிறையப் பெண்களைக் கூட்டிப் போயிருந்தோம். வெளியூரிலிருந்து ஒரு பெரிய மனிதர் விருந்தினர். மேடையின் ஓரத்தில் வழக்கம்போல் நான் சார்ட்டோடு நின்றேன். எங்கள் கணக்கெடுப்பும் விழிப்புணர்வும் இந்தப் பெண்ணைக் காப்பாற்றின என்று மேடம் பேசினார். விருந்தினர் குனிந்து மைக்கை அவளிடம் நீட்டினார்.

“சொல்லுங்கம்மா, மருந்தெல்லாம் ஒழுங்கா எடுத்தீங்களா?”

அவள் அவரையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எந்த மருந்தைக் கேக்கீக?”

மண்டபம் வெடித்தது. இரண்டு வேன் பெண்களும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். மேடையில் இருந்தவர்களுக்கு எதற்கு என்று விளங்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுப் பிந்திச் சிரித்தார்கள். “அவங்களுக்குக் கொஞ்சம் பதட்டம்” என்று மேடம் விருந்தினரிடம் சொன்னது மைக்கில் கேட்டது.

அவளுக்கா பதட்டம்? நான் சார்ட்டைக் கீழே வைத்தேன்.  விருந்தினரைப் பார்த்து மைக் இல்லாமலே பேசினேன், அதனால் முன்வரிசை வரைதான் கேட்டிருக்கும்.

“ஐயா, இங்கன மருந்துன்னா பட்டாசு மருந்து. இவுக தெனமும் எடுக்கேன்னு சொன்னது அத. நாங்க அதக் கேட்டு, மாத்திரை ஒழுங்கா சாப்புடுறாகன்னு எழுதிட்டோம். இவுக மாத்திரைய விட்டு மூணு வாரம் ஆகியிருந்துச்சு. எங்க சர்வேய நம்பியிருந்தா இவுக இன்னைக்கு இங்கன நிக்க மாட்டாக.”

இவ்வளவுதான் சொன்னேன். விருந்தினர் தலையை ஆட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். மேடம் மைக்கை வாங்கினார்.

“எங்க களப் பணியாளர் ரொம்பக் கூச்ச சுபாவம். இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் மேடையில பேசியிருக்காங்க. அவங்களுக்கு எல்லாரும் ஒரு முறை கை தட்டுங்க!”

தட்டினார்கள். விருந்தினரும் தட்டினார். நான் சொன்னது அந்தக் கைதட்டலுக்குள் போய்விட்டது. பேசாமல் இருந்தபோது இவர்களுக்கு நான் பயன்பட்டேன், பேசியபோதும் பயன்பட்டேன்.

பிறகு அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பச்சை நிறம், பளபளவென்று நைலான். நைலான் துணியோடு மருந்து ரூம் பக்கம் யாரும் போகக்கூடாது, உரசினாலே பொறி பறக்கும் என்று ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் எழுதிப் போட்டிருக்கும். இந்தப் பெண்களுக்குச் சுகாதாரமும் பாதுகாப்பும் சொல்லிக்கொடுக்கப் பிறந்த நிறுவனம், அவர்களில் ஒருத்தியைக் கௌரவிக்க அந்தத் துணியைத் தேடிப் பிடித்து வாங்கியிருந்தது. வேனில் திரும்பும்போது அதைச் சுருட்டி என் மடியில் போட்டாள்.

“இதப் போத்திக்கிட்டுப் போனா போர்மேன் என்னைய வாசல்லயே வச்சுச் சாத்துவான். நீங்களே வச்சுக்கோங்க மதினி. சார்ட்டுக்குப் போத்துங்க, குளிருமில்ல.”

என் வீட்டுக் கோழிக் கூண்டுக்கு மேல் இப்போது அதுதான் கிடக்கிறது. மழைக்கு நன்றாகத் தாங்குகிறது.

மலர் வந்த மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு வேன் முக்குக்குப் போனேன். நடுப்பக்கத்தில் அவளுடைய பெரிய படம், பச்சைப் பொன்னாடையோடு. என்னைப் போல் காது வெட்டாமல் முழுதாகப் போட்டிருந்தார்கள். கீழே எழுதியிருந்ததை அவளே எழுத்துக் கூட்டிப் படித்தாள். ‘தினமும் மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொண்ட பயனாளி.’

அவள் தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டு வேன் படியில் கால் வைத்தாள்.

“நெசந்தான மதினி. தவறாமத்தான் எடுக்கேன். நேத்துக்கூட அஞ்சு நடை எடுத்தேன்.”